ஒரே உழவு இயந்திரம், மூன்று விதமான வேலை: உள்ளூராட்சி ஊழியரின் சம்பளமும் ஓய்வூதியமும்

காலை ஆறு மணிக்குக் குப்பை ஏற்றப் புறப்படும் பிரதேச சபை உழவு இயந்திரத்தில் மூன்று பேர் நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மூவரும் தூக்குவது ஒரே குப்பையைத்தான். ஆனால் ஒருவர் நிரந்தர நியமனம் பெற்றவர். அடுத்தவர் அமைய ஊழியர். மூன்றாமவர் ஒப்பந்த அடிப்படையில் சேர்க்கப்பட்டவர். அறுபது வயதில் இந்த மூவரும் வீட்டுக்குக் கொண்டுபோகப் போவது ஒன்றல்ல. ஏன் என்பது வடக்கு, கிழக்கில் சபைகளை நம்பி வாழும் பல குடும்பங்களுக்குத் தெளிவாகச் சொல்லப்படுவதில்லை.

வடமாகாணத்தில் 34 உள்ளூராட்சி சபைகள் இருக்கின்றன. சபையில் வேலை செய்பவர் சபையின் ஊழியர் என்றுதான் ஊரில் பேசிக்கொள்வோம். நிரந்தர ஊழியரைப் பொறுத்தவரை அது பாதி உண்மை. 1987ஆம் ஆண்டின் 42ஆம் இலக்க மாகாண சபைகள் சட்டத்தின்படி மாகாணப் பொதுச்சேவைக்கான நியமன அதிகாரம் ஆளுநரிடம் இருக்கிறது. அவர் அதை மாகாணப் பொதுச்சேவை ஆணைக்குழுவுக்குக் கையளிக்கலாம். ஒரு சபைக்கு எத்தனை தொழிலாளிகள், எத்தனை சாரதிகள் என்ற ஆளணியைக் கொழும்பில் நிதி அமைச்சின் முகாமைத்துவச் சேவைகள் திணைக்களம் அனுமதிக்க வேண்டும். அந்த அனுமதிக்குள் இருப்பவர்களின் சம்பளத்தில் பெரும்பகுதி அரச நிதியிலிருந்து வருகிறது. அனுமதிக்கு வெளியே சேர்க்கப்படுபவர்களுக்குச் சபை தன் சொந்த வருமானத்திலிருந்து கொடுக்க வேண்டும்.

சிக்கல் இங்குதான் தொடங்குகிறது. பெரிய நகரச் சபை ஒன்றுக்குச் சோலைவரியும் கடை வாடகையும் உண்டு. மீள்குடியேறிய வன்னிச் சபை ஒன்றுக்கு ஒரு சந்தை, சில குத்தகைகள், சொற்ப வரி. குப்பை அகற்ற ஆள் தேவை, ஆளணி போதாது, வருமானமும் இல்லை. ஆகவே நாட்கூலிக்கு ஆள் எடுக்கப்படுகிறது. அவர் பத்து வருடம் நின்றாலும் பதிவேட்டில் அமைய ஊழியர்தான். 2018 ஒக்டோபரில் வடமாகாண சபையின் காலம் முடிந்த பின் மாகாண மட்டத்தில் இதைத் தட்டிக் கேட்கத் தெரிவுசெய்யப்பட்டவர்கள் இல்லை. 2023 மார்ச்சில் உள்ளூராட்சி சபைகளின் காலமும் முடிந்து, 2025 மே தேர்தல் வரை சபைகள் அதிகாரிகளின் கையில் இருந்தன. 2022 பொருளாதார நெருக்கடியோடு புதிய ஆட்சேர்ப்பும் இறுகியது.

முதலில் சம்பளம். 2025 வரவு செலவுத் திட்டம் அரச சேவையின் ஆகக்குறைந்த அடிப்படைச் சம்பளத்தை 24,250 ரூபாவிலிருந்து 40,000 ரூபாவாக உயர்த்தியது. 15,750 ரூபா கூடியது என்று பலர் மகிழ்ந்தார்கள். அதில் 7,500 ரூபா ஏற்கெனவே படிகளாகக் கையில் கிடைத்துக்கொண்டிருந்த பணம்; அது அடிப்படைச் சம்பளத்துக்குள் சேர்க்கப்பட்டது. உண்மையான தேறிய உயர்வு 8,250 ரூபா. அதிலும் 5,000 ரூபாவும் மீதியில் 30 வீதமும் 2025 ஏப்ரலில். எஞ்சியது 2026 ஜனவரிக்கும் 2027 ஜனவரிக்கும் எனப் பிரிக்கப்பட்டது. சம்பளப் பட்டியலைப் பார்த்து "ஏன் குறைகிறது" என்று சண்டை பிடிப்பதற்கு முன் இந்தக் கணக்கைத் தெரிந்திருப்பது நல்லது. படி அடிப்படைச் சம்பளத்துக்குள் போனதில் ஒரு நன்மையும் உண்டு. ஓய்வூதியம் கணிக்கப்படுவது அடிப்படைச் சம்பளத்திலிருந்து, படிகளிலிருந்து அல்ல.

அடுத்தது நிரந்தரமாதல். 2014இல் வெளியான 25/2014 இலக்கப் பொது நிர்வாகச் சுற்றுநிருபம், 180 நாட்கள் தொடர்ச்சியாக வேலை செய்த தற்காலிக, அமைய, பதிலீட்டு, ஒப்பந்த ஊழியர்களை நிரந்தரமாக்க வழிசெய்தது. இன்றும் சபை வாசல்களில் "நூற்றெண்பது நாள்" என்ற பேச்சு அடிபடுவது இதனால்தான். ஆனால் அது குறித்த ஒரு திகதியில் சேவையில் இருந்தவர்களுக்கான ஏற்பாடு. இப்போது சேரும் ஒருவர் 180 நாட்களைக் கடந்தவுடன் தானாக நிரந்தரமாகிவிடுவார் என்று யாராவது சொன்னால், எந்தச் சுற்றுநிருபத்தின்படி என்று கேளுங்கள். அந்த நம்பிக்கையைக் காட்டியே குறைந்த கூலிக்கு வருடக்கணக்கில் வேலை வாங்கப்படுகிறது என்பது என் எண்ணம்.

நிரந்தரமாவது தாமதமானால் என்ன நடக்கும்? ஓய்வூதியத்துக்குக் குறைந்தது பத்து வருட ஓய்வூதிய உரித்துள்ள சேவை வேண்டும். கட்டாய ஓய்வு வயது 60. 2010இல் முகாமிலிருந்து திரும்பி 38 வயதில் சபையில் சேர்ந்த ஒருவர், 51 வயதில் நிரந்தர நியமனம் பெறுகிறார் என்று கொள்வோம். அறுபதில் அவர் உழைத்த காலம் 22 வருடம். நிரந்தரச் சேவையோ ஒன்பது வருடம். அமையமாக நின்ற 13 வருடமும் தானாகக் கணக்கில் சேர்ந்துவிடாது. நியமனக் கடிதம் கையில் வந்த அன்றே "முன்னைய சேவை கணக்கெடுக்கப்படுமா" என்று சபைச் செயலாளர் ஊடாக எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குவது அவசியம். ஓய்வுபெறும் மாதத்தில் கேட்பது காலம் கடந்த கேள்வி.

2016 ஜனவரிக்குப் பின் நியமனம் பெற்றவர்களுக்கு இன்னொரு குழப்பம். பழைய ஓய்வூதிய முறைக்குப் பதிலாகப் பங்களிப்பு முறை வரும் என்ற வாசகம் பலருடைய நியமனக் கடிதங்களில் இருந்தது. 2020இல் அமைச்சரவை அந்த முடிவைக் கைவிட்டது. பழைய வாசகம் உள்ள கடிதத்தை வைத்திருப்பவர்கள் தங்கள் தனிநபர் கோவையில் திருத்தம் சேர்க்கப்பட்டுள்ளதா என்று பார்க்க வேண்டும்.

ஓய்வூதிய உரித்தில்லாத அமைய, ஒப்பந்த ஊழியருக்குப் பாதுகாப்பு ஊழியர் சேமலாப நிதியம்தான். அவர் 8 வீதம், சபை 12 வீதம்; அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்குச் சபை 3 வீதம். சம்பளத்தில் 8 வீதம் கழிக்கப்படுவதைப் பார்த்துத் திருப்திப்படக் கூடாது. கழித்த பணம் உங்கள் கணக்கில் வரவு வைக்கப்பட்டதா என்பதே கேள்வி. தாமதித்தால் வேலைகொள்வோர் 5 முதல் 50 வீதம் வரை மேலதிகக் கட்டணம் செலுத்த நேரிடும். முறைப்பாட்டை மாவட்டத் தொழில் அலுவலகத்தில் கொடுக்கலாம்.

இனி, இறந்தவர்களின், காணாமலாக்கப்பட்டவர்களின் குடும்பங்கள். நிரந்தர ஊழியரின் சம்பளத்திலிருந்து விதவைகள், அநாதைகள் ஓய்வூதியத்துக்கு மாதாமாதம் பணம் கழிக்கப்படுகிறது. அது துணைக்கும் பிள்ளைகளுக்கும் போய்ச் சேரத் திருமணப் பதிவும் பிள்ளைகளின் பிறப்புப் பதிவும் வேண்டும். இடப்பெயர்வுக்குள் கோயிலிலோ உறவினர் முன்னிலையிலோ தாலி கட்டி, பதிவு செய்யாமல் விட்டவர்கள் வன்னியில் நிறையப் பேர். இருவரும் உயிரோடு இருக்கும்போது பதிவாளரிடம் போவது ஒரு நாள் வேலை. ஒருவர் போன பின் அதை நிரூபிக்க வருடங்கள் எடுக்கும். பிறப்புப் பதிவு அழிந்துபோனவர்களுக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் என்ற வழி இருக்கிறது.

காணாமலாக்கப்பட்டவரின் குடும்பத்துக்கு 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் மரணச் சான்றிதழை மட்டுமே காட்டியது. 2016இல் கொண்டுவரப்பட்ட திருத்தம், மரணம் என்று எழுதாமல், காணக்கிடைக்காமைக்கான சான்றிதழ் பெற இடமளித்தது. இரண்டையும் மறுத்துத் தெருவோரக் கொட்டகைகளில் இருக்கும் தாய்மாருக்குச் சட்டம் தெரியாமல் இல்லை; பிள்ளையை இறந்ததாகவோ, வெறுமனே காணவில்லை என்றோ எழுத அவர்கள் தயாரில்லை. அந்த முடிவு அவர்களுடையது. சான்றிதழ் எடுக்க விரும்பும் குடும்பங்கள், அது எந்தக் கொடுப்பனவுக்கு ஏற்கப்படும் என்பதை விண்ணப்பிக்கும் முன்பே ஓய்வூதியத் திணைக்களத்திடம் எழுத்தில் கேட்டு வைக்கலாம்.

2009இல் பையோடு போன நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு என்பவற்றுக்கு என்ன செய்வது? ஊழியரிடம் இல்லாதது சபையின் சம்பளப் பதிவேட்டில், உள்ளூராட்சி உதவி ஆணையாளர் அலுவலகக் கோவையில் இருக்கக்கூடும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்க் கேட்டால், தருவதா மறுப்பதா என்பதைத் தகவல் அதிகாரி 14 வேலை நாட்களுக்குள் முடிவெடுக்க வேண்டும். சேவையில் சேர்ந்த திகதி, பதவி, கழிக்கப்பட்ட சேமலாப நிதி, அது செலுத்தப்பட்ட மாதங்கள் என்று தனித்தனியாகக் கேளுங்கள். நியமனத்தில் பாகுபாடு காட்டப்பட்டால் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுவுக்கு இருப்பது ஒரு மாதம்தான்; மனித உரிமைகள் ஆணைக்குழுவிலும் முறைப்பாடு செய்யலாம். கொழும்பிலிருந்து வரும் பதில் சிங்களத்தில் இருந்தால், தமிழில் தரும்படி திருப்பிக் கேட்கலாம். அரசியலமைப்பு அந்த உரிமையைத் தந்திருக்கிறது.