எத்தனை டிகிரி?

அக்னி நட்சத்திரம். காரியாபட்டி டீக்கடை. டி.வி.யில், ‘மதுரை விமான நிலையம் 40 டிகிரி’ என்கிறார்கள். வெயில் பட்டுக் கடைச் சுவரில் தொங்கும் தெர்மாமீட்டரோ 48!

“இந்தா இருக்கு ஏர்போர்ட்டு... அதுக்குள்ள எட்டு டிகிரியை அமுக்கிட்டாய்ங்க தம்பி!” என்றார் கடைக்கார அண்ணாச்சி.

எனக்குத் தெரிந்த ஒரே டிகிரி பி.காம். ஆனாலும் கணக்கு எட்டு உதைத்தால் தூக்கம் வராது. புத்தகங்களைப் புரட்டினேன்.

குற்றவாளி, சுவர்! வெயிலில் தொங்கும் தெர்மாமீட்டர், சூரியனும் சுவரும் சேர்ந்து தன்னைக் காய்ச்சிய சூட்டைச் சொல்கிறது. வானிலைக்காரர்களுக்கு வேண்டியது காற்றின் சூடு. அதனால் காற்று புகுந்து போகும் சாய்வுப் பலகைகள் வைத்த வெள்ளைப் பெட்டிக்குள், தரையிலிருந்து நாலடிக்கு மேலே, நிழலில் அளக்கிறார்கள். பெட்டியை வடிவமைத்தவர் கலங்கரை விளக்கங்கள் கட்டிய ஸ்காட்லாந்து எஞ்சினீயர் தாமஸ் ஸ்டீவன்சன். (‘புதையல் தீவு’ எழுதினாரே, அவருடைய அப்பா!)

சரி, பெட்டிக்குள் இருக்கும் தெர்மாமீட்டர் சரி என்று யார் சொல்வது? தராசுக்கு முத்திரை போடுகிற மாதிரி இதற்கும் உண்டு. நம் நாட்டில் அதற்குத் தலைமையிடம் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகம். காற்றை வெளியேற்றி மூடிய கண்ணாடிக் குழாயில் சுத்தமான தண்ணீர். ஐஸ், தண்ணீர், ஆவி மூன்றும் சண்டையில்லாமல் ஒன்றாகக் குடித்தனம் நடத்துவது 0.01 டிகிரி செல்சியஸில் மட்டும்தான். 1954 முதல் உலகத்துக்கே இதுதான் அளவுகோல். அதிலும் ஒரு வில்லங்கம். எவ்வளவு சுத்தம் செய்தாலும், தண்ணீரில் கன ஹைட்ரஜன் எத்தனை என்பதைப் பொறுத்து இம்மி வித்தியாசம் வந்தது!

2019 மே 20 முதல் விளக்கத்தையே மாற்றிவிட்டார்கள். சூடு என்பது அணுக்களின் ஓயாத ஆட்டம். டாலருக்கு இத்தனை ரூபாய் என்கிற மாதிரி, ஒரு டிகிரிக்கு இத்தனை சக்தி என்று ஒரு மாற்று விகிதம் உண்டு. பெயர், போல்ட்ஸ்மன் மாறிலி. புள்ளிக்குப் பின் 22 சைபர், அப்புறம் 1380649... இத்தனை ஜூல். டாலர் தினம் ஆடும். இதை ஆடாமல் கட்டிப் போட்டுவிட்டார்கள். (முத்திரை வேலைக்கு அந்தக் கண்ணாடிக் குழாய் இன்னும் ரிட்டையர் ஆகவில்லை.)

மறுநாள் கடையில் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அண்ணாச்சி தெர்மாமீட்டரைக் கழற்றி நிழலில் மாட்டினார். பாய்லர் பக்கத்தில்!

கண்மாய் வேலை முடித்துத் தூக்குவாளியோடு நின்ற அக்கா கேட்டார்: “நெழல்ல அளக்குறாக, சரி. நாங்க நிக்கிறது வெயில்லல்ல?”

அதற்கும் கருவி இருக்கிறது. கறுப்புப் பூசிய செப்புக் குண்டுக்குள் ஒரு தெர்மாமீட்டர், ஈரத்துணி சுற்றி ஒன்று, நிழலில் ஒன்று. மூன்றையும் சேர்த்து உடம்பு எதுவரை தாங்கும் என்று கணக்குப் போடுகிறார்கள். பத்தில் ஏழு பங்கு மதிப்பு ஈரத்துணிக்கு. வியர்வை காயாவிட்டால் ஆள் காலி, அதனால்! 1950களில் அமெரிக்க ராணுவப் பயிற்சி முகாம்களில் சிப்பாய்கள் சுருண்டு விழாமலிருக்க உண்டாக்கியது.

“அதக் கொண்டாந்து கண்மாய்க் கரையில வைக்கச் சொல்லு தம்பி” என்றார் அக்கா.