நெய்தற் கரையில் ஒரு கமரா

கொழும்புத்துறைக் கரையில் நின்று தெற்கு நோக்கினால் யாழ்ப்பாணக் கடனீரேரி கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்து கிடக்கும். முன்னாளிற் பூநகரிக்குத் தோணியேறிய துறை இது. அப்பயணம் ஓய்ந்து பல்லாண்டு ஆயினும் தோணி ஓயவில்லை. சித்திரையிற் சோளகம் கிளம்புமுன், நீர் தட்டாகக் கிடக்கும் காலை வேளைகளில், எம் கரையோர ஊர்களிலே தோணிப் போட்டி நடப்பதுண்டு. தமிழ் படிப்பிப்பது என் தொழில். கமரா என் பொழுதுபோக்கு. இவ்விரண்டும் ஒன்றையொன்று திருத்திய கதையையே ஈண்டு சொல்லப் புகுகின்றேன்.

போட்டி முடிந்ததும் மாணவர் தாம் பிடித்த படங்களைக் காட்டுவர். பெரும்பாலனவற்றில் நீர் நிறைய இருக்கும். தோணி கடுகளவு தெரியும். குறை யாதென வினவுவோர்க்கு, யாவரும் அறிந்த முதல், கரு, உரி என்னும் மூன்றையே விடையாகக் கூறுவேன்.

முதற்பொருள் நிலமும் பொழுதும். காலையிற் பந்தயத் தடத்தின் கிழக்கு முனையிலும், மாலையில் மேற்கு முனையிலும் நிற்பவனுக்கே சூரியன் முதுகுப்புறம் அமையும். அன்றேல் நீரின் பளபளப்பிலே கமரா மயங்கி, ஓட்டுவோர் முகங்களைக் கருநிழலாக்கிவிடும். எம் ஏரி பல இடங்களில் இடுப்பளவு ஆழமே உடையது. ஆதலின், கமராவைக் கழுத்தில் மாட்டி நீரில் இறங்கி நிற்றலும் கூடும். தாழ நின்று பிடித்தால் தோணி உயர்ந்து தோன்றும். அடிவானம் மட்டும் சரியக் கூடாது. சரிந்தால் ஏரியே கவிழ்ந்ததுபோல இருக்கும். வீடு திரும்பியதும், நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியால் உப்பைத் துடைத்தல் வேண்டும்.

கருப்பொருள் தோணியும் துடுப்பும் அவற்றின் இயக்கமும். 1878ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் மைபிரிட்ச் என்பார் பல கமராக்களை வரிசையாக நிறுத்தி, ஓடும் குதிரையின் நான்கு குளம்பும் ஒருங்கே நிலத்தை விட்டு நீங்குதலைக் காட்டினார். கண் காணாததைக் கமரா கண்டது. எனினும் வேகத்தை வெல்ல எப்போதும் விரைவான மூடி வேண்டியதில்லை. குறுக்கே பாயும் தோணிக்கு 1/1000 செக்கன் வேண்டுமாயின், நேரே நம்மை நோக்கி வருவதற்கு 1/250 போதும். தோணியோடு கமராவையும் ஒருசீராகத் திருப்பினால் 1/60 செக்கனிலும் தோணி தெளிவாக நிற்கும். பின்னுள்ள கரை மட்டுமே கோடுகளாக ஓடும். மேலும், துடுப்பை நீரில் இடுமுன் ஓட்டுபவன் உடல் முன்வளைந்து ஒரு கணம் அசைவற்று நிற்கும், ஊஞ்சல் உச்சியில் நிற்பதுபோல. அக்கணத்தை எதிர்பார்த்திருப்பவனுக்குப் பழைய கமராவும் துணைசெய்யும்.

இவ்வளவும் நூலறிவு. உரிப்பொருளை எனக்குக் கற்பித்தவர் ஒரு மூதாட்டி.

சில ஆண்டுகளின் முன் ஒரு போட்டியில், முந்திய தோணியையே பல கோணங்களிற் பிடித்து, கரையில் இருந்தோர்க்குக் காட்டிப் பெருமை கொண்டிருந்தேன். அவ்வம்மையார் ஒவ்வொன்றாய்ப் பார்த்து முடித்தபின், “வாத்தியார், என்ரை பேரன்ரை தோணி இதிலை இல்லையோ?” என்றார். அத்தோணி கடைசியாக வந்தது. நான் அதைப் பார்க்கவும் இல்லை.

“தேப்பன் தோணி ஓடின படம் ஒண்டும் எங்களிட்டை மிஞ்சேல்லை. 95இலை வெளிக்கிட்டபோது எல்லாம் போச்சு. இவன்ரையாவது ஒண்டு இருக்கட்டும் எண்டு பாத்தன்.”

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்தார் வீடு துறந்து ஓரிரவிற் பெயர்ந்ததை அறிந்தவர்க்கு, ‘எல்லாம்’ என்ற சொல்லின் பொருளை விளக்க வேண்டியதில்லை. திருமணப் படமும், பள்ளிப் படமும், இறந்தோர் முகமும் அதனுள் அடங்கும்.

நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல் என முப்பது ஆண்டுகளாக வகுப்பிற் சொல்லிவந்தவன் நான். அதே கரையில் அது என் எதிரே நின்றபோது, வென்றவனையே தேடிக்கொண்டிருந்தேன்!

மறு ஆண்டு, முதல் தோணி எல்லைக் கம்பத்தைக் கடந்து, கூட்டம் ஆரவாரித்து அதன்பின் ஓடியபோது, நான் நின்ற இடத்திலேயே நின்றேன். பின்வந்த தோணியில் அப்பிள்ளை துடுப்பை மடியிற் கிடத்திவிட்டுக் கரையை நோக்கினான், பாட்டியைத் தேடி. இளிவரலும் பெருமிதமும் ஒரு முகத்தில் ஒருங்கே நின்ற கணம் அது. ஒரு படமே பிடித்தேன். தாளில் அச்சிட்டு, பின்புறத்தில் ஊரும் நாளும் தோணியில் இருந்த அனைவர் பெயரும் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அம்மையார் படத்தை நெடுநேரம் பார்த்தார். பின், “தேப்பனும் இப்பிடித்தான் கரையைப் பாப்பான்” என்றார்.

இன்று கைப்பேசி ஒரு செக்கனிற் பத்துப் படம் எடுக்கின்றது. அவற்றுள் ஒன்றையேனும் தாளிலே பதித்து, பெயரெழுதி, உரியவர் கையிற் சேர்ப்பிக்குமாறு என் மாணவரை வேண்டுகின்றேன். வென்றவனைப் பலரும் பிடிப்பர். பின்வரும் தோணிக்காகவும் ஒருவர் கரையில் நிற்றல் வேண்டும்.