அசோகம் என்று நாம் அழைக்கும் மரம்

கம்பம் நாட்டினாற்போல் நெடுநெடுவென்று ஓங்கி, அலையலையான ஓரமுள்ள இலைகளைக் கீழ்நோக்கித் தொங்கவிட்டுக்கொண்டு நிற்கும் ஒரு மரத்தை நமது ஊர்களில் பள்ளிக்கூட மதிலோரங்களிலும் பெரிய வீடுகளின் வாசல்களிலும் வரிசை வரிசையாகக் காண்கிறோம். அதன் பெயர் யாதென வினவினால், அநேகர் சற்றும் தயங்காமல் “அசோக மரம்” என்று விடை கூறுவர். அஃது அசோகமன்று, நெட்டிலிங்கம். சீத்தாப்பழ மரத்துக்கு உறவினம். சீதாபிராட்டி சிறையிருந்த வனத்துக்குப் பெயர் தந்த அசோகம் முற்றிலும் வேறு. அது புளிக்கும் கொன்றைக்கும் உறவு.

இவ்விரண்டையும் பிரித்தறியப் பூக்கும் காலம் வரையில் காத்திருக்க வேண்டுவதில்லை. நெட்டிலிங்கத்தில் ஒரு காம்புக்கு ஒரே இலை; ஈட்டி முனை போல் நீண்டு, ஓரம் நெளிந்திருக்கும். அசோகத்திலோ ஒரே காம்பின் இரு புறமும் நாலைந்து இணை சிற்றிலைகள் அமைந்திருக்கும். இளந்தளிர்கள் செம்பு நிறத்தோடு, வாடிய துணி போல் துவண்டு தொங்கும்.

பெயர் மாறினால் நஷ்டம் என்ன என்று கேட்கலாம். பேச்சளவில் நின்றால் நஷ்டமில்லைதான். ஆனால் அசோகப் பட்டை நம் நாட்டு வைத்தியத்தில் பெண்களின் நோய்களுக்கு நெடுங்காலமாக வழங்கி வரும் மருந்து. அந்தப் பெயரால் நெட்டிலிங்கப் பட்டை கடைச்சரக்கில் கலப்பதை ஆராய்ச்சியாளர் பலமுறை கண்டிருக்கின்றனர். உரித்து உலர்த்திய பட்டையை வெறுங்கண்ணால் பிரித்தறிவது எளிதன்று. மரத்தடியில் நின்று இலையைப் பார்த்தாலோ, எட்டு வயதுக் குழந்தையும் சொல்லிவிடும். உண்மையான அசோகம் காடுகளில் அருகி வருவதனால் இந்த அறிவுக்கு இப்போது மதிப்பு அதிகம்.

ஆயினும் இலையைப் பார்ப்பதற்கு முன், இலை எது என்று தெரிய வேண்டும். வேப்பிலை என்று நாம் கிள்ளுவது சாஸ்திரப்படி முழு இலையன்று. ஈர்க்கும், அதன் இரு புறத்துச் சிறு தகடுகளும் சேர்ந்ததே ஓர் இலை. இதனைக் கூட்டிலை என்பர். சோதிக்கும் வழி சுலபம். இலைக்காம்பு கிளையோடு சேருமிடத்தின் கக்கத்தில் ஒரு சிறு மொட்டு இருக்கும். வேப்ப ஈர்க்கின் அடியில் அம்மொட்டு உண்டு; தகடுகளின் அடியில் இராது. பூஜைக்கு வில்வம் பறிப்போர் மூன்று தகடுகளையும் ஒரே காம்போடு பறிப்பார்களேயன்றி ஒன்றைத் தனியே கிள்ள மாட்டார்கள். மூன்றும் சேர்ந்தே ஓர் இலை என்ற உண்மை தாவர சாஸ்திரம் படியாத நம் பாட்டிமாரின் விரல்களுக்குத் தெரிந்திருக்கிறது!

இந்த மொட்டுச் சோதனையில் ஏமாற்றுவது ஏழிலைப்பாலை. கிளையைச் சுற்றிக் குடை விரித்தாற்போல் ஏழு இலைகள் வரையில் நிற்பதால் கூட்டிலை என்றே தோன்றும். ஒவ்வொன்றும் தனித்தனியே கிளையிலிருந்து கிளம்புவதால் அவை தனியிலைகளே. இதற்கு மாறாக இலவமரத்தில் விரித்த கைவிரல்கள் போன்ற தகடுகள் யாவும் ஒரு நீண்ட காம்பின் நுனியில் கூடுகின்றன, ஆகவே கூட்டிலை.

வேம்புக்கு மீண்டும் வருவோம். தகட்டின் ஓரம் வாள்பல் போலிருக்கும். நடுநரம்பின் இரு புறமும் சமமாக இராமல் அரிவாளாக வளைந்திருக்கும். மலைவேம்பிலும் வாள்பல் உண்டு. எனினும் அதன் ஈர்க்கு மறுபடியும் கிளைத்து, அக்கிளைகளில் தகடுகள் அமைந்திருக்கும். புளியின் தகடுகள் மிகச் சிறியவை; ஓரத்தில் பல் கிடையாது; அந்தி சாய்ந்ததும் இணை இணையாக மடிந்துகொள்ளும். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து நம் சாலைகளில் நிழல் தரும் மரமும் இவ்வாறே மாலையில் இலைகளைக் கூப்புகிறது. அதற்குத் தூங்குமூஞ்சி என்று பெயர் வைத்தவர் இலையை நன்றாகப் பார்த்தவராகவே இருக்க வேண்டும்.

அரசும் பூவரசும் இதய வடிவினவே. அரசிலையின் நுனி நீண்ட வாலாக இழுத்திருக்கும். காம்பு மெலிந்து நீண்டதாகையால், மற்ற மரங்கள் அசையாத வேளையிலும் அது சலசலக்கும். கிள்ளினால் பால் வரும். பூவரசிலைக்கு அத்தகைய வால் இல்லை. சிறுவர்கள் சுருட்டிப் பீப்பீ ஊதுவது இதைத்தான்.

இறுதியாக, பெற்றோர் அவசியம் அறிய வேண்டிய இலை ஒன்று உண்டு; அது எட்டி. கிச்சிலி போன்று உருண்டு, ஆரஞ்சு நிறத்தில் பழுத்துத் தொங்கும் அதன் பழம் குழந்தைகளை மயக்கவல்லது. உள்ளிருக்கும் விதையோ கொடிய நஞ்சு. இலைகள் எதிரெதிராக, பளபளப்பாக, அகன்றிருக்கும். நாவலிலும் இலைகள் எதிரெதிரே பளபளக்கும் என்றாலும், அதில் ஒரே நடுநரம்பும் இரு புறமும் நெருங்கிய மெல்லிய நரம்புகளும் காணும். எட்டியிலோ அடியிலிருந்தே மூன்று அல்லது ஐந்து நரம்புகள் பிரிந்து, வளைந்து, நுனியை நோக்கி ஓடும். இலையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் இது நன்கு தெரியும். பழத்தை எடுக்கக் குழந்தை கை நீட்டுவதற்கு முன் அந்த நரம்புகளை எண்ணிப் பார்க்கச் சொல்லிக்கொடுங்கள்.