மொபெட் செயின் தேய்மானம்: வியாபாரிகள் கவனத்திற்கு

நமது நெமிலியில் காலையில் மொத்தக் கடை வாசலில் வந்து நிற்கும் வண்டிகளில் பெரும்பாலானவை மொபெட்டுகளே. 1980-இல் ஓசூர் தொழிற்சாலையிலிருந்து டி.வி.எஸ். 50 வெளிவந்தது முதல், சிறு கடைக்காரரின் அரிசி மூட்டையையும் எண்ணெய் டின்னையும் சுமந்து வருவது இவ்வகை வண்டிகள்தாம். தராசுக்குத் தவறாமல் முத்திரை வைக்கிறோம். ஆனால் அவ்வளவு பாரத்தையும் இழுக்கும் செயினை, அது அறுந்த பிறகே குனிந்து பார்க்கிறோம். ஓடும்போது அறுந்த செயின் பின்சக்கரத்தில் சிக்கினால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். சரக்கோடு ஆளும் விழ நேரிடும்.

“செயின் நீண்டுவிட்டது” என்பார் மெக்கானிக். உண்மையில் இரும்புத் தகடு நீள்வதில்லை. கண்ணிகளை இணைக்கும் பின்னும் அதைச் சுற்றியுள்ள புஷ்ஷும் தேய்கின்றன. மூட்டைக்குக் கால் கிலோ குறைந்தால் நூறு மூட்டையில் 25 கிலோ போய்விடும் அல்லவா? அதே கணக்குதான். ஒவ்வொரு கண்ணியிலும் மயிரிழை அளவு ஆட்டம் சேர்ந்து, மொத்தச் செயினும் நீண்டு தொங்குகிறது.

சோதிப்பது எளிது. எஞ்சினை நிறுத்தி, வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போடவும். பெரிய பல்சக்கரத்தின் பின்கோடியில் செயினை விரலால் வெளிப்பக்கம் இழுத்துப் பாருங்கள். பல்லில் பாதிக்கு மேல் தெரிந்தால் செயின் தன் காலத்தை முடித்துவிட்டது.

சந்தேகமிருந்தால் துணிக்கடை டேப்பே போதும். மொபெட் செயினில் ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் அரை அங்குலம். ஒரு பின்னின் மையத்திலிருந்து 24 கண்ணிகள் தள்ளி அளந்தால், புதுச் செயினில் சரியாக 12 அங்குலம் இருக்கும். 12¼ அங்குலம் வந்துவிட்டால் மாற்றியே தீர வேண்டும். சக்கரத்தைக் கையால் சுற்றி மூன்று நான்கு இடங்களில் அளக்கவும். செயின் எங்கும் ஒரே சீராகத் தேய்வதில்லை.

தொய்வு கீழ்ப்பக்க நடுவில் சுமார் ஓர் அங்குலம் இருக்கலாம். “நன்றாக இறுக்குங்கள்” என்று சில அன்பர்கள் வற்புறுத்துவது தவறு. பாரம் ஏற்றியதும் செயின் மேலும் இறுகி பேரிங்கைக் கெடுக்கும்.

நம் தொழிலில் செயினுக்கு முதல் எதிரி உப்பு மூட்டை. மூட்டையிலிருந்து சிந்தும் உப்பும் மழை ஈரமும் சேர்ந்தால் துரு தானாக வரும். அடுத்தது டின்னிலிருந்து ஒழுகும் எண்ணெய். அது செயினுக்கு நல்லது என்று நினைப்பவர்களும் உண்டு! அதில் புழுதி ஒட்டி, உப்புத்தாள் போலத் தேய்க்கும். எஞ்சினிலிருந்து வடித்த கழிவு ஆயிலும் வேண்டாம். மண்ணெண்ணெயில் துடைத்து, உலர்த்தி, 90-ஆம் நம்பர் கியர் ஆயிலை அளவாக இட்டு, மிகுதியைத் துணியால் துடைத்துவிடவும்.

பல்சக்கரத்தின் பற்கள் அரிவாள் மூக்குப் போல ஒருபக்கம் வளைந்திருந்தால், செயினை மட்டும் மாற்றுவது வீண் செலவு. பழைய பல் புதுச் செயினைச் சீக்கிரம் தின்றுவிடும். முன்சக்கரப் பல், பின்சக்கரப் பல், செயின் மூன்றையும் செட்டாகவே வாங்கவும். மாட்டிய பின், செயின் லாக்கின் மூடிய முனை செயின் ஓடும் திசையை நோக்கி இருக்கிறதா என்று மெக்கானிக் கை துடைப்பதற்குள் ஒருமுறை பார்த்துவிடவும்.