குமிழைத் திருப்பத் தெரியுமா?

உங்கள் வீட்டில் புதுக் கார் இருக்கிறதா? அல்லது வரப் போகிறதா? அப்படியானால் ஒரு கேள்வி. கோபித்துக் கொள்ளக் கூடாது. கியர் பிடிக்குப் பக்கத்தில் வட்டமாக ஒரு குமிழ் இருக்கிறதே, அதை ஒரு தடவையாவது திருப்பிப் பார்த்திருக்கிறீர்களா? ஸ்டீயரிங் சக்கரத்தின் இரண்டு பக்கமும் பொட்டு வைத்தாற்போல் வரிசையாக ஸ்விட்சுகள் இருக்கின்றனவே, எது எதற்கு என்று தெரியுமா?

“அதெல்லாம் அவர் பார்த்துக் கொள்வார்” என்று சொல்லித் தப்பித்துக் கொள்ளாதீர்கள். ‘அவரை’க் கேட்டால், “வண்டி ஓடுகிறதல்லவா? அதையெல்லாம் தொடாதே!” என்பார். லட்சம் லட்சமாகக் கொட்டி வாங்கிய வண்டியில் பாதி வசதிகள் பரணில் ஏற்றி வைத்த வெண்கலப் பானை மாதிரி உபயோகப்படாமல் கிடக்கின்றன.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது, மதினி ஸ்டீயரிங் பிடிக்கிற வரையில்!

மூன்று நாள் பாராயணம்

எங்களுக்குச் சேத்தூர். ராஜபாளையத்திலிருந்து தென்காசி போகிற ரஸ்தாவில், மேற்கே மலையும் சுற்றிலும் தென்னையும் மாவும் வயலுமாக இருக்கிற ஊர். அண்ணன் வேலை பார்ப்பது வெளியூரில். வீட்டில் அம்மா, மதினி, குழந்தைகள். ஆஸ்பத்திரி என்றாலும், ஜவுளி என்றாலும் ராஜபாளையம் போக வேண்டும். ஆண்டாள் சந்நிதி என்றால் இன்னும் அப்பால் ஸ்ரீவில்லிபுத்தூர். ஒவ்வொன்றுக்கும் யாரையாவது டிரைவராகக் கெஞ்சிக்கொண்டிருக்க மதினிக்குப் பிடிக்கவில்லை. ஐம்பதாவது வயதில் கார் ஓட்டக் கற்றுக் கொண்டு லைசென்ஸும் வாங்கி விட்டாள்.

புது வண்டி வந்ததும் முதல் மூன்று நாள் அவள் அதை வாசலை விட்டு நகர்த்தவே இல்லை. காருக்குள் உட்கார்ந்து, கூட வந்த புத்தகத்தை மடியில் விரித்து வைத்துக் கொண்டு ஒவ்வொரு ஸ்விட்சாகத் தொட்டுப் பார்த்தாள். அடுத்த வீட்டு அத்தை எட்டிப் பார்த்து, “கார் ஓட்டுகிறாயா, கந்த சஷ்டி பாராயணம் பண்ணுகிறாயா?” என்று கேலி செய்தாள்.

மதினி செய்ததே சரி. ஏன் என்று சொல்கிறேன். மணிக்கு 60 கிலோ மீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு விநாடியில் சுமார் 17 மீட்டர் ஓடுகிறது. ‘எந்த ஸ்விட்ச்?’ என்று நீங்கள் இரண்டே விநாடி குனிந்து தேடினால், வண்டி 33 மீட்டர் தூரம் கண்ணை மூடிக் கொண்டு போனதற்குச் சமம். அதற்குள் ஓர் ஆடு குறுக்கே வரலாம். ஒரு குழந்தையும் வரலாம். ஆகையால் பாடம் படிக்க வேண்டிய இடம் வாசல், ரஸ்தா அல்ல. (மூடிய ஷெட்டுக்குள் மட்டும் எஞ்சினை ஓட விட்டுப் படிக்காதீர்கள். புகையில் உள்ள நச்சு வாயு ஆளைக் கொல்லும்.)

‘ஈகோ’ பார்க்கலாமா?

அந்த வட்டக் குமிழுக்கு ‘டிரைவ் மோட்’ என்று பெயர். வண்டி எந்தக் குணத்தோடு ஓட வேண்டும் என்று நாம் சொல்லி வைக்கிற இடம் அது. சில வண்டிகளில் குமிழுக்குப் பதில் ஒரு பொத்தான் இருக்கும். ஹூண்டாய் கிரெட்டாவின் ஆட்டோமாட்டிக் வகைகளில் ஈகோ, நார்மல், ஸ்போர்ட் என்று மூன்று. டாடா நெக்ஸானில் ஈகோ, சிட்டி, ஸ்போர்ட். 2021-ல் வந்த மகிந்திரா எக்ஸ்.யூ.வி. 700 டீசல் வண்டியில் ஜிப், ஜாப், ஜூம் என்று குழந்தைப் பாட்டு மாதிரி பெயர்கள்! பெயர் எதுவானாலும் விஷயம் ஏறக்குறைய ஒன்றுதான்.

1950-களின் கடைசியில் வந்த அம்பாஸடர் காரில் இதெல்லாம் கிடையாது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால், அதோடு இணைத்திருந்த கம்பி நேராகப் போய்க் கார்புரேட்டரைத் திறக்கும். மிதித்தவரின் கால் எவ்வளவோ அவ்வளவுதான் வேகம். இன்றைய வண்டியில் உங்கள் கால் எஞ்சினோடு நேரடியாகப் பேசுவதில்லை. நடுவில் ஒரு கம்ப்யூட்டர் உட்கார்ந்திருக்கிறது. கால் சொல்வதை அது கேட்டு எஞ்சினுக்குச் சொல்லி அனுப்புகிறது.

வீட்டில் ஒரு பையனிடம் சேதி சொல்லி அனுப்புகிறோம் அல்லவா? ‘நார்மல்’ என்பது சொன்னதைச் சொன்னபடி சொல்லும் பையன். ‘ஈகோ’ சிக்கனக்காரப் பையன். நாலு ரூபாய் கேட்டால், “மூன்று போதுமாம்” என்பான். காலை மிதித்தாலும் எஞ்சின் நிதானமாகத்தான் எழும்பும். ஆட்டோமாட்டிக் வண்டியாக இருந்தால் கியர் சீக்கிரமே மேலே மாறிவிடும். சில வண்டிகளில் ஏ.ஸி.யும் கொஞ்சம் அடங்கி வேலை செய்யும். ‘ஸ்போர்ட்’ அவசரக்காரன். கால் பட்டவுடனே பாய்வான். கியரைச் சட்டென்று மேலே விட மாட்டான். பல வண்டிகளில் ஸ்டீயரிங்கும் கொஞ்சம் கனமாகிக் கையில் நிற்கும்.

ஒன்றை நினைவில் வையுங்கள். ஸ்போர்ட்டுக்கு மாற்றியதும் எஞ்சினுக்குப் புதிதாகக் குதிரை சக்தி முளைத்து விடுவதில்லை. பெரும்பாலான பெட்ரோல், டீசல் வண்டிகளில் சக்தி அதேதான்; கிடைக்கிற சுறுசுறுப்புத்தான் வேறு. அதற்குக் கூலி பெட்ரோல் பங்கில் கொடுக்க வேண்டியிருக்கும்.

மதினி இதையெல்லாம் விளக்கியபோது அம்மா குறுக்கிட்டாள். “ஈகோவா? வீட்டிலே அது இருந்தால் சண்டை என்கிறீர்கள். வண்டியிலே இருந்தால் மிச்சம் என்கிறீர்கள்!”

மலையும் சேறும்

ஒரு சாரல் காலத்தில் குற்றாலம் புறப்பட்டோம். சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர் என்று ஊருக்கு ஊர் கடைத்தெருவைக் கடந்து தென்காசி போகிற பாதை. கடைத்தெருக்களில் ஈகோ போதும். முந்தப் போவதில்லை, முட்டப் போவதுமில்லை.

இது திருமங்கலத்திலிருந்து கொல்லத்துக்குப் போகும் தேசிய நெடுஞ்சாலை. கேரளத்துக்குப் பாரம் ஏற்றிப் போகும் பெரிய லாரிகளுக்குக் குறைவில்லை. ஈகோவில் வைத்துக் கொண்டு லாரியை முந்தப் பார்த்தால், பாதி வழியில் வண்டி யோசனை செய்வது போலத் தோன்றும். எதிரே பஸ் வந்து விடும். மதினி முந்துவதற்கு வெகு முன்பே நார்மலுக்கு மாற்றிக் கொள்வாள். முந்தும்போது குமிழைத் தொட மாட்டாள். சந்தேகமாக இருந்தால் முந்தவே மாட்டாள். “லாரிக்குப் பின்னால் போனால் அருவி வற்றி விடுமா?” என்பாள்.

செங்கோட்டை தாண்டிப் புளியரையிலிருந்து ஆரியங்காவுக்கு மலை ஏறுகிற பாதையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ‘எஸ்’ எழுத்துப் போல் வளைகிற அந்தத் திருப்பத்தில் ஈகோ கூடாது. கியர் சீக்கிரம் மேலே மாறி எஞ்சின் முனகும். நாம் காலை அழுத்துவோம். மிச்சமாக வேண்டிய பெட்ரோல் அதிலேயே போய்விடும். நார்மலோ ஸ்போர்ட்டோ வைத்தால் வண்டி கீழ்க் கியரில் நின்று நிதானமாக ஏறும்.

இறங்குவதுதான் ஏறுவதை விட முக்கியம். வழி நெடுகப் பிரேக்கை மிதித்துக் கொண்டே இறங்கினால் பிரேக் சூடேறிக் கருகல் வாசனை வரும். மிஞ்சினால் பிடிக்காமலே போகும். ‘ஏறின கியரிலேயே இறங்கு’ என்று பழைய டிரைவர்கள் சொல்வது இன்றைக்கும் பொருந்தும். ஆட்டோமாட்டிக்கில் கையால் கியரைக் குறைக்கும் வசதி இருக்கும். இறக்கத்தில் அதை உபயோகியுங்கள். எஞ்சினே வண்டியைப் பிடித்துக் கொள்ளும். மின்சாரக் காராக இருந்தால், வேகத்தைத் தணித்து அதையே பாட்டரிக்கு மின்சாரமாகத் திருப்புகிற ஏற்பாடு உண்டு. அதைக் கூட்டி வைத்துக் கொண்டு இறங்கலாம். ஆனால் பாட்டரி முழுக்க நிரம்பியிருந்தால் அந்தப் பிடிப்புக் குறைந்து விடும்.

சில வண்டிகளில் பனி, சேறு, மணல் என்று இன்னும் மூன்று படங்கள் இருக்கும். “சேத்தூரில் பனிக்கட்டி எங்கே?” என்று சிரிக்காதீர்கள். வழுக்குகிற சக்கரத்தைப் பிரேக்கினால் லேசாகப் பிடித்து, வழுக்காத சக்கரத்துக்குச் சக்தியை அனுப்புவதுதான் அதன் தந்திரம். மழைக்கு மறுநாள் தோப்புப் பாதையில் சேற்றுப் படம் எங்களுக்கு உதவியிருக்கிறது. அதற்காக வண்டியை வாய்க்காலில் இறக்கி விடாதீர்கள். சக்கரம் தரையைத் தொட்டால்தான் எந்த மோடும் வேலை செய்யும்.

பாட்டுப் பெட்டியின் ரகசியங்கள்

அமெரிக்காவில் 1930-ல் கால்வின் சகோதரர்கள் காரில் வைக்கும் ரேடியோவை விற்பனைக்குக் கொண்டு வந்து, ‘மோட்டோரோலா’ என்று பெயர் வைத்தார்கள். ஓட்டுகிறவரின் கவனத்தை இது கலைக்காதா என்ற சர்ச்சை அப்போதே அங்கே எழுந்தது. இன்று பாட்டுப் பெட்டி மட்டுமா? டெலிபோன், வழி காட்டுகிற குரல், பின்னால் சுவர் வருகிறதென்று எச்சரிக்கும் ‘பீப்’ எல்லாம் அதே ஸ்பீக்கர்களில்தான் வருகின்றன.

சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஸ்டீயரிங்கிலேயே ஸ்விட்ச் இருக்கும். கட்டை விரல் கண்ணின் உதவியில்லாமல் அதைக் கண்டுபிடிக்கப் பழக வேண்டும். சத்தத்தை ஒரேயடியாக நிறுத்தும் ‘மியூட்’ ஸ்விட்சை முதலில் கற்றுக் கொள்ளுங்கள். பாட்டு வைக்கிற ஸ்விட்சைப் பிறகு பார்க்கலாம்.

ஒலியை முன்னுக்கும் பின்னுக்கும், இடத்துக்கும் வலத்துக்கும் நகர்த்த ஓர் ஏற்பாடு இருக்கிறது. பின் சீட்டில் குழந்தை தூங்கினால் ஒலியை முன் பக்கம் தள்ளி விடுங்கள். பேச்சோ செய்தியோ கேட்கும்போது ‘பாஸ்’ என்கிற கனத்த ஒலியைக் குறைத்தால் வார்த்தை தெளிவாக விழும். வேகத்துக்கு ஏற்றாற்போல் சத்தம் தானாகக் கூடுகிற வசதியும் சில வண்டிகளில் உண்டு, அது இருப்பது தெரியாமல், “யார் சத்தத்தைக் கூட்டினது?” என்று குழந்தைகளை அதட்டாதீர்கள்! அதே போல், மலை குறுக்கிட்டால் கோடைப் பண்பலை 100.5 கரகரக்கும். பெட்டியின் கோளாறு அல்ல. பண்பலை அலை மலையைச் சுற்றிக் கொண்டு வராது.

இனி எங்கள் வீட்டு விபத்தைக் கேளுங்கள். வாசுதேவநல்லூர் தாண்டினோம். மதினியின் செல்போன் ‘புளூடூத்’ வழியாக வண்டியோடு தானே சேர்ந்து கொண்டிருந்தது. அவளுடைய தங்கை கூப்பிட்டாள். மதினி பழக்க தோஷத்தில் ஸ்டீயரிங்கில் உள்ள ஸ்விட்சை அழுத்தி விட்டாள். அவ்வளவுதான், நாலு ஸ்பீக்கரிலும் கணீரென்று குரல்: “என்னக்கா, உன் மாமியாரையும் கூட்டிக் கொண்டா குற்றாலம் போகிறாய்? வீட்டிலே விட்டு வந்திருக்கக் கூடாதா?”

பின் சீட்டில் அம்மா! மதினியின் முகம் சிவந்து விட்டது. விரல் ‘மியூட்’டைத் தேடிற்று, பதற்றத்தில் சத்தத்தைக் கூட்டி விட்டது. அம்மா ஜன்னலுக்கு வெளியே மலையைப் பார்த்தபடியே சொன்னாள்: “நல்ல நிகழ்ச்சியாக இருக்கிறதே! தெளிவாகவும் கேட்கிறது.”

ஆகையால், சகோதரிகளே, பிரயாணம் கிளம்பும் முன் செல்போனை வண்டியிலிருந்து பிரித்து வைப்பதா, வேண்டாமா என்று தீர்மானித்துக் கொள்ளுங்கள். வண்டியை விற்கும்போது அதில் பதிந்திருக்கும் உங்கள் போன் புத்தகத்தை மறக்காமல் அழித்து விடுங்கள். இல்லாவிட்டால் உறவினர் நம்பரெல்லாம் வண்டியோடு சேர்ந்து விலை போய்விடும்.

கேட்காத சங்கு

திரும்பி வரும்போது நடந்தது சிரிக்கிற சமாசாரம் அல்ல. பொழுது சாய்ந்து விட்டது. ஜன்னல் கண்ணாடிகள் மூடியிருந்தன. குழந்தைகள் ஆசைப்பட்டார்கள் என்று பாட்டைப் பெரிதாக வைத்து எல்லோருமே கூடப் பாடிக் கொண்டு வந்தோம். அம்மா பின்னாலிருந்து ஏதோ சொன்னாள். ஒருவர் காதிலும் விழவில்லை. மறுபடியும் சொன்னாள். மூன்றாவது தடவை மதினியின் தோளைத் தட்டி, “பின்னாலே பார், விளக்குச் சுற்றுகிறது!” என்று கத்தினாள்.

கண்ணாடியில் பார்த்தால், 108 ஆம்புலன்ஸ்! எத்தனை நேரமாகச் சங்கு ஊதிக் கொண்டு எங்கள் பின்னால் வந்ததோ! மதினி உடனே ஓரம் கட்டினாள். அது கடந்து போனபோது உள்ளே விளக்கு வெளிச்சத்தில் ஒரு பெண் குனிந்து யாருடைய கையையோ பிடித்துக் கொண்டிருந்தது ஒரு கணம் தெரிந்தது. பிறகு ஊர் வரையில் வண்டியில் பாட்டு இல்லை.

இந்தக் காலத்து வண்டிகள் வெளிச் சத்தம் உள்ளே வராதபடி செய்யப்படுகின்றன. அது சௌகரியந்தான். அதோடு பாட்டும் உரக்க ஒலித்தால் ஓட்டுகிறவர் செவிடராகி விடுகிறார். தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் 2008-லிருந்து ஓடுகிறது. அதற்கு வழி விடாவிட்டால் 10,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம் என்று 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. அபராதம் கிடக்கட்டும். உள்ளே படுத்திருப்பவர் நம் வீட்டு மனிதராக இருந்தால்?

அன்று இரவு வீட்டுக்கு வந்ததும் மதினி ஒரு சட்டம் செய்தாள். பாட்டின் சத்தம் எத்தனையில் இருக்கலாம் என்பதற்கு அவள் நம்பர் எதுவும் வைக்கவில்லை. “பின் சீட்டிலிருந்து அத்தை சாதாரணமாகப் பேசினால் எனக்குக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் பாட்டு அதிகம்.”

இதை விட நல்ல அளவு எந்தக் கம்பெனிப் புத்தகத்திலும் நான் பார்க்கவில்லை. உங்கள் வண்டியிலும் வைத்துப் பாருங்கள். நாளைக்கே வாசலில் அரை மணி நேரம் ஒதுக்கி, குமிழைத் திருப்பி, ஸ்விட்சுகளை விரலுக்குப் பழக்குங்கள். பின் சீட்டில் யாரையாவது உட்கார வைத்துப் பேசச் சொல்லுங்கள்.

அம்மா மட்டும் அந்தச் சட்டத்தைக் கேட்டு விட்டு மதினியிடம் சொன்னாள்: “அப்படியானால் இனிமேல் என்னை வீட்டிலே விட்டு விட்டு எங்கேயும் போக முடியாது, அதை உன் தங்கச்சிக்குப் போன் பண்ணிச் சொல்லி விடு!”