கூட்டாஞ்சோற்றுப் பானையில் ஏற்காடு

எப்படி இயங்குகிறது? ஓர் ஊரின் வரலாற்றைப் பலர் சேர்ந்து எழுதும் விக்கிப்பீடியாப் பக்கம்

சிறுவயதில் கூட்டாஞ்சோறு ஆக்கிய நாளை யாரும் மறப்பதில்லை. ஒரு வீட்டிலிருந்து அரிசி, இன்னொரு வீட்டிலிருந்து துவரம்பருப்பு, அடுத்த வீட்டுக் கொல்லையிலிருந்து முருங்கைக்கீரை. மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டினால் ஒரே பானையில் எல்லாம் வெந்துவிடும். யார் சமைத்தது என்று கேட்டால் தெருப்பிள்ளைகள் எல்லோரும் கை தூக்குவார்கள்.

தமிழ் விக்கிப்பீடியாவில் ஓர் ஊரைப் பற்றிய பக்கமும் இப்படித்தான் உருவாகிறது. 2003இல் தொடங்கிய இந்தக் கலைக்களஞ்சியம் 2017இல் ஒரு லட்சம் கட்டுரைகளைத் தாண்டியது. எழுதுபவர்கள் எல்லோரும் தன்னார்வலர்கள். ஊதியம் கிடையாது, கட்டுரைக்கு மேலே பெயரும் வராது. அப்படியிருந்தும் சோறு எப்படிப் பதமாக வேகிறது? சேர்வராயன் மலைமேல் இருக்கும் ஏற்காட்டை வைத்தே பார்ப்போம்.

அடுப்பு

முதலில் அடுப்பு வேண்டும். யாரும் எந்தப் பக்கத்தையும் அங்கேயே திருத்தலாம் என்ற அமைப்பை 1995இல் முதலில் உருவாக்கியவர் வார்டு கன்னிங்காம். ஹவாய் மொழியில் 'விரைவு' என்று பொருள்படும் 'விக்கி' என்ற சொல்லை அதற்குப் பெயராக வைத்தார். அந்த வழியில் 2001இல் ஆங்கில விக்கிப்பீடியா பிறந்தது. இன்று அடுப்பைப் பார்த்துக்கொள்வது விக்கிமீடியா அறக்கட்டளை. விறகுச் செலவு வாசகர்களின் நன்கொடையில் நடக்கிறது. பானைக்குள் என்ன போடுவது என்பதை எழுதுபவர்கள்தான் முடிவு செய்கிறார்கள்.

முதல் பிடி

முதலில் வருபவர் மூன்று வரி எழுதினால் போதும். ஏற்காடு சேலம் மாவட்டத்தில் இருக்கிறது, சேர்வராயன் மலையில் இருக்கிறது, நடுவே ஓர் ஏரி இருக்கிறது. இதைக் குறுங்கட்டுரை என்பார்கள். அடுத்தவர் வந்து, 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காப்பிப் பயிரைக் கொண்டுவந்ததைச் சேர்ப்பார். மூன்றாமவர் 1917இல் தொடங்கிய மான்ஃபோர்ட் பள்ளியைச் சேர்ப்பார். செடிகொடிகளில் ஆர்வமுள்ள இன்னொருவர், இந்தியத் தாவரவியல் ஆய்வகம் நடத்தும் ஆர்க்கிட் தோட்டத்தைப் பற்றி ஒரு பத்தி எழுதுவார். ஒருவரை ஒருவர் பார்த்திருக்கவே மாட்டார்கள். ஒருவர் சேலத்தில் இருப்பார், மற்றவர் சிங்கப்பூரில் இருப்பார்.

எந்த வீட்டு அரிசி?

கூட்டாஞ்சோற்றில் அரிசி எந்த வீட்டிலிருந்து வந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். கல் இருந்தால் யாரைக் கேட்பது என்பதும் தெரியும். விக்கிப்பீடியாவின் அடிப்படை விதியே இதுதான். எழுதும் ஒவ்வொரு செய்திக்கும் அது எங்கிருந்து வந்தது என்று காட்ட வேண்டும். 'எனக்குத் தெரியும்' என்பது செல்லாது. லெ ஃபானு 1883இல் எழுதிய சேலம் மாவட்டக் கையேடு, ரிச்சர்ட்ஸ் 1918இல் தொகுத்த சேலம் கெசட்டியர் போன்ற அச்சு நூல்களோ, நல்ல ஆய்வுக் கட்டுரையோ, நாளிதழ்ச் செய்தியோ சான்றாக நிற்க வேண்டும். சான்று இல்லாத வரியின் பக்கத்தில் யாராவது 'மேற்கோள் தேவை' என்று குறிப்பு வைத்துவிடுவார்கள். அந்தக் குறிப்பு, அரிசியை முறத்தில் எடுத்துப் புடைப்பதற்குச் சமம்.

இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. கடையில் சமைத்த பொட்டலத்தை வாங்கிவந்து பானையில் கொட்டக் கூடாது. பிறர் நூலின் வாக்கியங்களை அப்படியே எடுத்துப் போட்டால் அது பதிப்புரிமை மீறல். செய்தியை எடுத்துக்கொண்டு, சொந்த வாக்கியத்தில் சமைக்க வேண்டும்.

பதம் பார்ப்பவர்கள்

பானை திறந்தே கிடந்தால் யாராவது ஒரு கை உப்பை அள்ளிப் போட்டுவிட மாட்டார்களா? போடுவார்கள். அதற்காகத்தான் ஒவ்வொரு பக்கத்துக்கும் பின்னால் 'வரலாறு' என்ற பகுதி இருக்கிறது. எந்த நாளில், எத்தனை மணிக்கு, எந்தக் கணக்கிலிருந்து, என்ன சேர்ந்தது, என்ன நீங்கியது என்பது அங்கே வரிசையாக நிற்கும். பழைய வடிவம் ஒவ்வொன்றும் பத்திரமாக இருக்கும். சமைத்த சோற்றிலிருந்து உப்பைப் பிரிக்க முடியாது. இந்தப் பானையிலோ உப்பு விழுவதற்கு முந்தைய பதத்துக்கு ஒரே சொடுக்கில் திரும்பலாம்.

ஓர் எடுத்துக்காட்டு. ஏற்காடு ஊரின் உயரம் சுமார் 1,515 மீட்டர். சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சி 1,623 மீட்டர். ஒருவர் இரண்டையும் குழப்பி, ஊரின் உயரம் 1,623 என்று மாற்றிவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பக்கத்தைத் தம் கவனிப்புப் பட்டியலில் வைத்திருப்பவருக்கு அந்த மாற்றம் பட்டியலில் தெரியும். அவர் பழைய வடிவையும் புதியதையும் அருகருகே வைத்துப் பார்த்து, எண்ணைத் திருத்தி, காரணத்தையும் ஒரு வரியில் எழுதிவிட்டுப் போவார். கெட்ட எண்ணத்தில் செய்த கிறுக்கலும், தெரியாமல் செய்த பிழையும் இதே வழியில்தான் சரியாகின்றன. யாரும் கவனிக்காத பக்கத்தில் பிழை பல மாதம் தங்கிவிடுவதும் உண்டு. பதம் பார்க்க ஆள் இருக்கும் வரைதான் பானை பத்திரம்.

இரண்டு கரண்டி மோதினால்

ஏற்காடு என்ற பெயருக்குப் பலரும் சொல்லும் விளக்கம் 'ஏரி + காடு'. தமிழ் இலக்கணம் அறிந்த ஒருவர் கேட்கலாம்: அப்படியானால் 'ஏரிக்காடு' என்றுதானே வரும்? இடையின ரகரம் எப்படி வல்லின றகரம் ஆனது? நியாயமான கேள்விதான். ஆனாலும் அவர் தம் ஊகத்தை நேராகக் கட்டுரையில் எழுத முடியாது. ஒவ்வொரு கட்டுரைக்கும் ஓர் உரையாடல் பக்கம் உண்டு. அங்கே கேள்வியை வைக்க வேண்டும். சான்றுகள் இரண்டு விளக்கம் சொன்னால், இன்னார் இப்படிச் சொல்கிறார், இன்னார் அப்படிச் சொல்கிறார் என்று இரண்டையும் பந்தியில் வைப்பார்கள். பல கட்டுரைகளைத் தொடும் பொதுவான வழக்குகளைப் பேசத் தமிழ் விக்கிப்பீடியாவில் ஓர் இடம் இருக்கிறது. அதன் பெயர் 'ஆலமரத்தடி'. வாக்கு எண்ணிக்கையைவிடச் சான்றுக்கும் இணக்கத்துக்கும் அங்கே மதிப்பு அதிகம்.

பானைக்கு வராத சாமை

இந்தச் சமையல் முறையில் ஒரு பெரிய குறை இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் பாதிக் கதைதான்.

காக்பர்னுக்கும் காப்பித் தோட்டங்களுக்கும் அச்சில் சான்று ஏராளம். ஆங்கிலேயர்கள் தங்களைப் பற்றி நிறைய எழுதி வைத்தார்கள். காப்பி வருவதற்கு முன்பே அந்த மலையில் வாழ்ந்தவர்கள் மலையாளிப் பழங்குடி மக்கள். கேரளத்து மலையாளிகளோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. இவர்கள் பேசுவது தமிழ், பெயருக்குக் காரணம் மலை. இவர்களின் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்றும், மூன்று சகோதரர்களில் மூத்தவர் வழியினர் சேர்வராயன் மலையில் தங்கினார்கள் என்றும் ஒரு செவிவழிக் கதை உண்டு. இன்று அதைக் கட்டுரையில் 'இப்படி ஒரு வழக்கு உண்டு' என்று எழுத முடிகிறதென்றால், தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 1909இல் எட்கர் தர்ஸ்டன் வெளியிட்ட ஏழு தொகுதிகளில் அது அச்சேறியதும் ஒரு காரணம். அச்சேறாத கதைகள் எத்தனை! கோயில் குகையில் சேர்வராயனோடு காவேரியம்மனும் இருப்பதற்கு மலைக்கிராமத்துப் பாட்டி ஒரு காரணம் சொல்வாள். அந்தக் காரணத்துக்குப் பானையில் இடம் இல்லை. நல்ல சாமை கையில் இருந்தும், எந்த வீட்டுத் தானியம் என்று காட்டும் சீட்டு இல்லாததால் வெளியே நிற்கிறது.

விதியைத் தளர்த்தினால் வதந்தியும் கூடவே உள்ளே வரும். ஆகவே சீட்டை உண்டாக்குவதுதான் வழி. கல்லூரி மாணவர் ஒருவர் அந்தப் பாட்டியின் இசைவோடு பேச்சைப் பதிவு செய்து ஆய்வேடாக்கலாம். இதழாளர் ஒருவர் கட்டுரை எழுதலாம். நாட்டார் வழக்காற்று நூலாகப் பதிப்பிக்கலாம். நம்பகமான பதிப்பில் அச்சேறிவிட்டால் அது சான்றாக நிற்கும். இந்த வேலையை விக்கிப்பீடியாவால் செய்ய முடியாது. நாம்தான் செய்ய வேண்டும்.

உங்கள் பிடி

அதுவரை சும்மா இருக்கவும் தேவையில்லை. அடுத்த முறை ஏற்காடு போகும்போது பழைய தேவாலயத்தையோ கிளியூர் அருவியையோ நீங்களே எடுத்த படத்தைக் யாரும் பயன்படுத்தக்கூடிய கட்டற்ற உரிமத்தில், படங்களுக்கான தளமான விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றலாம். பதிப்புரிமை முடிந்த நூல்களை, நூல்களுக்கான தளமான விக்கிமூலத்தில் மெய்ப்புப் பார்க்கலாம். எழுதத் தயக்கமாக இருந்தால் 'மணல்தொட்டி' என்ற பழகும் பக்கம் இருக்கிறது. அங்கே எது தவறினாலும் யாருக்கும் நட்டமில்லை.

கூட்டாஞ்சோற்றுக்கு வெறுங்கையோடு வந்த பிள்ளையையும் யாரும் விரட்டியதில்லை. போய்ச் சுள்ளி பொறுக்கி வா என்பார்கள். கட்டுரையில் ஓர் எழுத்துப்பிழையைத் திருத்துவதும் சுள்ளி பொறுக்குவதுதான். மலைக்கிராமத்துப் பாட்டியின் சாமை அச்சேறி வரும்போது அடுப்பு அணையாமல் இருக்க அந்தச் சுள்ளியும் வேண்டும்.