‘சரியாகிவிட்டது’ என்று நான் சொன்ன நாள்

“பல்கலைக்கழகத்தில கணினிதானே படிக்கிற? இதைக் கொஞ்சம் பாரேன்மா,” என்றார் அப்பா.

மார்ச் மாதப் பள்ளி விடுமுறையில் எங்கள் வீட்டு மேசைக் கணினி திடீர் திடீரென்று நின்றுபோகத் தொடங்கியது. சில நேரங்களில் நீலத் திரை தோன்றும். சில நேரங்களில் எல்லாம் அப்படியே உறைந்துவிடும். பின்னர் தானாகவே இயங்கி, ஒன்றும் நடக்காததுபோல் இரண்டு மூன்று நாள் ஒழுங்காக வேலை செய்யும்.

அந்தக் கணினியை அப்பா வாங்கியது 2014ல். நான் தொடக்கப்பள்ளியில் முதல் படவில்லைகளைத் தயாரித்தது அதில்தான். உயர்நிலை நான்கில் படிக்கும் தங்கை, வடிவமைப்பு, தொழில்நுட்பப் பாடத்துக்கான ஒப்படைப்பை அதில்தான் செய்துகொண்டிருந்தாள். பள்ளிக்குக் கொண்டுசெல்லும் சிறிய கணினியைவிட இதன் பெரிய திரையில் படங்களை அடுக்குவது அவளுக்கு எளிது.

நான் இரண்டாம் ஆண்டு கணினியியல் மாணவி. நிரல் எழுதத் தெரியும். ஆனால், அதுவரை ஒரு கணினியின் மூடியைக்கூடத் திறந்ததில்லை. இதை அப்பாவிடம் சொல்ல வெட்கமாக இருந்ததால், “பார்க்கிறேன்பா,” என்று சொல்லிவிட்டேன்.

முதல் தவறு

ஒரு சனிக்கிழமை காலை கணினியைத் திறந்தேன். உள்ளே பத்து ஆண்டுத் தூசி. விசிறிகளைச் சுத்தம் செய்தேன். செயலியின் மேல் காய்ந்துபோயிருந்த வெப்பப் பசையைத் துடைத்துவிட்டுப் புதிதாகத் தடவினேன். தாய்ப்பலகையில் இருந்த வட்ட மின்கலத்தை மாற்றினேன். அன்று மாலையே கிராபிக்ஸ் டிரைவரையும் புதுப்பித்தேன். முன்பு 90 பாகை செல்சியசைத் தொட்ட வெப்பநிலை 60க்கு இறங்கியது.

மூன்று நாளாகக் கணினி நிற்கவில்லை. “சரியாகிவிட்டது. தைரியமா வேலை செய்,” என்று தங்கையிடம் சொன்னேன்.

நான்காம் நாள் இரவு, அவள் கோப்பைச் சேமித்துக்கொண்டிருந்தபோது நீலத் திரை தோன்றியது. பிறகு அந்தக் கோப்பு திறக்கவே இல்லை. அவளிடம் இருந்த பழைய பிரதி ஒரு வாரத்துக்கு முந்தியது.

“அக்கா, நீதானே சரியாயிடுச்சுன்னு சொன்ன?” என்று கேட்டுவிட்டு அறைக்குள் போய்விட்டாள். அவள் கத்தியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

மூன்று நாள் போதுமா?

அன்றிரவு தூக்கம் வரவில்லை. புள்ளியியல் வகுப்பில் படித்த ஒன்று நினைவுக்கு வந்தது. சராசரியாக மூன்று நாளுக்கு ஒருமுறை தற்செயலாக நடக்கும் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அது தொடர்ந்து மூன்று நாள் நடக்காமல் இருக்க எவ்வளவு வாய்ப்பு உண்டு? பாய்சான் பரவலின்படி ஏறக்குறைய 37 விழுக்காடு.

அதாவது, நான் எதையுமே தொடாமல் இருந்திருந்தாலும் அந்த மூன்று நாள் அமைதி எளிதாக வந்திருக்கும். அந்த வாய்ப்பு 5 விழுக்காட்டுக்குக் குறைய வேண்டும் என்றால், சராசரி இடைவெளியைப்போல் மூன்று மடங்கு காத்திருக்க வேண்டும். எங்கள் கணினிக்கு அது ஒன்பது நாள். தேர்வில் இந்தக் கணக்குக்கு விடை எழுதியவள் நான். வீட்டில் அதை மறந்துவிட்டேன்.

இன்னொரு தவறும் செய்திருந்தேன். ஒரே நாளில் நான்கு மாற்றங்கள் செய்ததால், கணினி உண்மையிலேயே குணமாகியிருந்தாலும் எதனால் குணமானது என்று எனக்குத் தெரிந்திருக்காது.

நோட்டுப் புத்தகம்

மறுநாள் ஒரு நோட்டை எடுத்துக் கட்டங்கள் போட்டேன். நாள், நேரம், அப்போது திறந்திருந்த மென்பொருள்கள், வெப்பநிலை, திரையில் வந்த பிழைக் குறியீடு. பதினைந்து நாளில் ஐந்து பதிவுகள் சேர்ந்தன. தங்கை தன் வேலையைப் பள்ளிக் கணினிக்கு மாற்றிக்கொண்டாள்.

ஐந்து பதிவுகளையும் ஒன்றாகப் பார்த்தபோது இரண்டு செய்திகள் தெரிந்தன. முதலாவது, கணினி நின்றபோதெல்லாம் வெப்பநிலை 60க்குக் கீழே இருந்தது. ஆகவே, சூடு காரணமல்ல. இரண்டாவது, பிழைக் குறியீடு ஒவ்வொரு முறையும் வேறாக இருந்தது. ஒரு டிரைவர் கெட்டிருந்தால் பெரும்பாலும் ஒரே குறியீடுதான் திரும்பத் திரும்ப வரும்.

விண்டோசில் உள்ள நிகழ்வுப் பதிவேட்டையும் பார்த்தேன். அதில் ‘கெர்னல்-பவர் 41’ என்ற பதிவு பலமுறை இருந்தது. பெயரில் ‘பவர்’ இருப்பதால், மின்சாரம் வழங்கும் பெட்டி கெட்டுவிட்டது என்று முதலில் நினைத்தேன். உண்மையில், கணினி முறைப்படி மூடப்படாமல் நின்றது என்பதை மட்டுமே அந்தப் பதிவு சொல்கிறது. ஏன் நின்றது என்பதை அது சொல்வதில்லை.

அழிக்கும் முன் ஒரு சோதனை

வன்தட்டை முழுவதும் அழித்து விண்டோசைப் புதிதாக நிறுவிவிடலாம் என்று எண்ணினேன். குடும்பப் படங்களை ஏற்கெனவே ஒரு வெளித்தட்டுக்கு நகலெடுத்து வைத்திருந்ததால் பயமில்லை என்று நினைத்தேன். அதற்குமுன், ஒரு தம்ப் டிரைவிலிருந்து லினக்சை இயக்கிப் பார்த்தேன். வன்தட்டிலுள்ள விண்டோசைத் தொடாமலேயே இதைச் செய்யலாம். இரண்டாம் நாள் லினக்சும் உறைந்து நின்றது.

விண்டோஸ் இயங்காதபோதும் கணினி நிற்கிறது என்றால் பழுது பெரும்பாலும் வன்பொருளில்தான் இருக்க வேண்டும். மெம்டெஸ்ட்86 என்ற இலவச மென்பொருளைத் தம்ப் டிரைவில் ஏற்றி இரவு முழுவதும் ஓடவிட்டேன். அது நினைவகத்தின் ஒவ்வோர் இடத்திலும் ஒரு வடிவத்தை எழுதி, மீண்டும் படித்து, இரண்டும் ஒன்றுதானா என்று பார்க்கும். காலையில் திரையில் சிவப்பு வரிகள் நிறைந்திருந்தன.

கணினியில் தலா 4 ஜிபி கொண்ட இரண்டு ரேம் பட்டைகள் இருந்தன. பழுது பட்டையிலா, அதைச் செருகும் இடத்திலா? ஒவ்வொரு பட்டையையும் தனியாக, இரண்டு இடங்களிலும் செருகிச் சோதித்தேன். மொத்தம் நான்கு சோதனைகள். ஒரு பட்டை இரண்டு இடங்களிலும் தேறியது. மற்றது இரண்டு இடங்களிலும் தோற்றது. குற்றவாளி அகப்பட்டுவிட்டது.

ஏன் ‘திடீர் திடீரென்று’?

வகுப்பில் ஒரே ஒரு நாற்காலியின் கால் ஆடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தினமும் யார் எங்கு உட்காருவார்கள் என்பது மாறுகிறது. யாரும் அதில் உட்காராத நாளில் எல்லாம் நலம். ஒல்லியான மாணவர் உட்கார்ந்தால் லேசாக ஆடும். ஆசிரியர் உட்கார்ந்தால் வகுப்பே நின்றுவிடும்.

ரேமில் பழுதான ஓர் இடமும் அப்படித்தான். அங்கு ஒரு படத்தின் சிறு பகுதி வந்து அமர்ந்தால் நமக்குத் தெரியாமலேயே போகலாம். இயங்குதளத்தின் முக்கியக் கட்டளை வந்து அமர்ந்தால் நீலத் திரைதான். ஒவ்வொரு முறையும் பிழைக் குறியீடு மாறியதற்கும் அதுவே காரணம்.

இது புரிந்தவுடன் எனக்குப் பகீரென்றது. நான் குடும்பப் படங்களை நகலெடுத்ததும் இதே பழுதான ரேம் வழியாகத்தானே! வெளித்தட்டைத் திறந்து பார்த்தேன். பதினொரு படங்களில் பாதிக்குக் கீழே நிறம் மாறிச் சிதைந்திருந்தது. பாட்டி எங்களுடன் கொண்டாடிய கடைசித் தீபாவளிப் படங்களும் அவற்றில் இருந்தன. நல்லவேளை, மூலப் படங்கள் வன்தட்டில் பத்திரமாக இருந்தன. அன்று நான் வன்தட்டை அழித்திருந்தால் அம்மாவின் முகத்தை எப்படிப் பார்த்திருப்பேன் என்று தெரியவில்லை.

செய்யுமுன் கவனிக்க

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கணினி இருந்தால் முதலில் கோப்புகளை நகலெடுங்கள். நகல் இருந்தால் மட்டும் போதாது, அது திறக்கிறதா என்றும் பாருங்கள். நகலைச் சரிபார்க்கும்வரை மூலத்தை அழிக்காதீர்கள்.

கணினியைத் திறக்கும் முன் மின்கம்பியைக் கழற்றிவிடுங்கள். உள்ளே கைவைக்கும் முன் பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டால், உடலில் உள்ள நிலைமின்சாரம் உள்பாகங்களைத் தாக்காது. மின்சாரம் வழங்கும் பெட்டியை மட்டும் ஒருபோதும் பிரிக்காதீர்கள். கம்பியைக் கழற்றிய பிறகும் அதனுள் ஆபத்தான மின்னூட்டம் தங்கியிருக்கலாம்.

எல்லாவற்றையும்விட, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதை எழுதி வையுங்கள்.

பத்தாம் நாள்

சிம் லிம் ஸ்குவேரில் அதே வகை டிடிஆர்3 பட்டை ஒன்றை 12 வெள்ளிக்கு வாங்கினேன். பழைய பட்டைதான். அதனால், அதையும் ஓர் இரவு சோதித்த பிறகே பயன்படுத்தினேன். படங்களை மீண்டும் நகலெடுத்தேன். இந்தமுறை ஒவ்வொன்றையும் திறந்து பார்த்தேன்.

தங்கை இழந்த ஒரு வார வேலையை அவள் மீண்டும் செய்ய வேண்டியிருந்தது. இரண்டு வார இறுதிகளில் நானும் உடன் அமர்ந்து படங்களை அளவாக வெட்டிக் கொடுத்தேன். ஒப்படைப்பைக் குறித்த நாளில் சமர்ப்பித்துவிட்டாள்.

நான்காம் நாளே, “சரியாயிடுச்சா அக்கா?” என்று கேட்டாள். “இன்னும் ஐந்து நாள் பொறு,” என்றேன். பத்தாம் நாள் காலை நோட்டை அவளிடம் நீட்டினேன். ஒன்பது வரிகளிலும் ‘நிற்கவில்லை’ என்றுதான் எழுதியிருந்தது. அவள் எல்லாவற்றையும் படித்துவிட்டுக் கணினிமுன் உட்கார்ந்தாள். தன் தம்ப் டிரைவையும் மறக்காமல் செருகிக்கொண்டாள்.